தட்டம்மை பாட்டிலும் வசந்தாவின் சின்னம்மையும்

புதிதாக வேலைக்குச் சேர்ந்தவர்கள் என்னைப் பேசக் கூப்பிட்டால் முதலில் ஒன்று சொல்லிவிடுவேன். வைரஸைக் குடும்பம் பிரிப்பது அப்படியொன்றும் மலையைப் புரட்டுகிற வேலை இல்லை. உங்களுக்கு இன்றைக்கு இயந்திரமே பிரித்துக் கொடுத்துவிடுகிறது. நீங்கள் கீழே போய் டீ குடித்துவிட்டு வருவதற்குள் தாளில் பெயர் வந்து நிற்கிறது. எங்கள் காலத்தில் கொஞ்சம் மல்லுக்கட்ட வேண்டியிருந்தது. உள்ளே இருப்பது டி.என்.ஏ.வா ஆர்.என்.ஏ.வா, மேலே கொழுப்புச் சட்டை உண்டா இல்லையா, ஈதரில் போட்டால் தாங்குமா, உருவம் எப்படி என்று ஒவ்வொன்றாக விசாரித்து, இது இன்ன குடும்பத்துப் பிள்ளை என்று முடிவு கட்டுவோம். நேரம் ஆகும், ஆனால் ஆளைப் பிடித்துவிடலாம். பணியில் இருந்த இத்தனை வருஷத்தில் எந்த வைரஸும் என்னை இரத்தக் கொதிப்புக்கு ஆளாக்கியதில்லை. அதற்கெல்லாம் காரணம் வைரஸுக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தவர்கள்தான்.

எண்பதுகளின் கடைசியில் நடந்ததைச் சொல்கிறேன். தாம்பரத்துக்குக் கொஞ்சம் முன்னால், ஜி.எஸ்.டி. ரோட்டை ஒட்டி ஓர் அறக்கட்டளை மருத்துவமனை. பெயர் வேண்டாம். அதன் மாடியில் எங்கள் வைரஸ் பிரிவு. மூன்று அறை, ஒரு ஏ.சி. அந்த ஏ.சி.யும் எங்களுக்காக வாங்கியது இல்லை, மைக்ராஸ்கோப் கண்ணாடியில் பூஞ்சை பிடிக்கக் கூடாது என்று வாங்கியது. அதன் தயவில் நாங்களும் பிழைத்துக்கொண்டோம்.

பிரிவின் தலைவரை எல்லோரும் பெரிய டாக்டர் என்போம். இந்தத் தொழிலில் எனக்குத் தெரிந்ததில் பாதிக்கு மேல் அவர் சொல்லிக் கொடுத்தது. கல்யாண வீட்டில் சில பேர், வந்திருக்கிற அத்தனை பேரையும் இவர் இன்னாருடைய சித்தப்பா மருமகன் என்று கடகடவென்று சொல்வார்கள் இல்லையா, அப்படி வைரஸ்களைச் சொல்வார். அவர் அடிக்கடி சொல்கிற ஒரு வாக்கியம் உண்டு. "நோயோட பேரைப் பார்த்து ஏமாறாதீங்க. பேரு ஊர் வெச்சது." அதைச் சொல்லும்போது மேஜையில் ஒரு தட்டு தட்டுவார். தட்டிய தட்டில் ஸ்லைடுகள் துள்ளும்.

அவர் சொன்னது உண்மைதான். நம் ஜனங்களிடமும் ஒரு வகைப்பாடு இருக்கிறது. காய்ச்சலோடு உடம்பில் ஏதாவது பூத்தால் அம்மை. பெரிதாக வந்தால் பெரியம்மை, சிறிதாக வந்தால் சின்னம்மை, தடிப்புத் தடிப்பாக வந்தால் தட்டம்மை. எல்லாம் மாரியம்மன் வீட்டுப் பிள்ளைகள், ஒருத்திக்குச் செய்கிற மரியாதை எல்லோருக்கும். எங்கள் கணக்குப்படி பெரியம்மை பாக்ஸ் குடும்பம், தட்டம்மை பாராமிக்ஸோ குடும்பம், சின்னம்மை ஹெர்ப்பிஸ் குடும்பம். மூன்றும் தெருவில் பார்த்தால்கூட ஒன்றையொன்று தெரியாதது மாதிரி போய்விடும். இதைப் படித்தவர்களுக்குச் சொல்லிப் புரியவைப்பதுதான் கஷ்டம். நாங்கள் ஞாயிற்றுக்கிழமை சபைக்குப் போகிற குடும்பம். அப்படியிருந்தும் எனக்குச் சின்னம்மை வந்தபோது சிட்லபாக்கம் வீட்டு வாசலில் என் அம்மா வேப்பிலை கட்டினாள். ஜெபம் பண்ண வந்த பாஸ்டர் அதை அண்ணாந்து பார்த்துவிட்டு, "காத்து சுத்தமாகும், நல்லதுதான்" என்று சொல்லிக் குனிந்து உள்ளே வந்தார்.

இப்போது வசந்தா. எங்கள் பிரிவில் பாட்டில், குழாய், கண்ணாடித் தட்டு எல்லாம் கழுவுகிற பெண். கழுவுவது என்றால் சும்மா இல்லை. சாம்பிள் வந்த பாட்டிலை முதலில் நீராவிக் கலனில் வேக வைத்து, உள்ளே இருப்பது செத்த பிறகுதான் கழுவ வேண்டும். பம்மலில் குயவர் தெருவில் வீடு. புருஷன் மணி சட்டி பானை செய்கிறவர். மழைக் காலத்தில் சூளை அணைந்துவிட்டால் வசந்தா சம்பளத்தில்தான் அடுப்பு எரியும். தற்காலிக வேலையில் வருஷக்கணக்காக இருந்தவள், அந்த வருஷம் நிரந்தரம் ஆக வேண்டும். நல்ல வேலைக்காரி. வாய் கொஞ்சம் நீளம். இரண்டும் சேர்ந்து இருந்ததால்தான் எனக்கு அவளைப் பிடிக்கும்.

அந்தச் சமயத்தில் சுற்றுவட்டாரத்தில் குழந்தைகளுக்குத் தட்டம்மை பரவி, சாம்பிள் பாட்டில்கள் நிறைய வந்தன. அந்த அமளி அடங்கிக் கொஞ்ச நாளில் வசந்தா வேலைக்கு வரவில்லை. மணி மருத்துவமனை வாசல் வரைக்கும் வந்து, உள்ளே கால் வைக்காமல், வாட்ச்மேனிடம் சொல்லிவிட்டுப் போனார். வசந்தாவுக்கு அம்மா போட்டிருக்கிறது, உடம்பெல்லாம் நீர் கோத்த கொப்புளம், தலைக்குத் தண்ணி ஊற்றுகிற வரைக்கும் வர மாட்டாள்.

இந்தச் செய்தி எங்கள் நிர்வாக அதிகாரிக்குப் போனது. அவரை ஏ.ஓ. என்போம். விமானப்படையில் ஸ்டோர்ஸ் பார்த்து ஓய்வு பெற்றவர். உலகத்தில் இருக்கிற எந்தப் பொருளும் ஏதாவது ஒரு ரேக்கில் இருந்தாக வேண்டும் அவருக்கு. என்னைக் கூப்பிட்டனுப்பினார்.

"மேடம், போன மாசம் வந்த பாட்டில் என்ன பாட்டில்?"

"தட்டம்மை."

"யார் கழுவினது?"

"வசந்தா."

"இப்ப அவளுக்கு என்ன?"

"சின்னம்மை சார். அது வேற."

"சின்னதோ பெரிசோ, அம்மை அம்மைதானே மேடம்? பாட்டிலை வேக வைக்காம கழுவியிருக்கா. கிளியர் நெக்லிஜென்ஸ். வரட்டும், என்கொயரி வெச்சு அனுப்பிடலாம். நாளைக்கு ஊர்ல நம்ம லேப்லேர்ந்துதான் அம்மை கிளம்புதுன்னு சொல்லிட்டா யார் பதில் சொல்றது?"

தற்காலிகப் பணியாளர் மேல் அலட்சியம் என்று ஒரு வார்த்தை எழுதிவிட்டால் போதும். நிரந்தரம் கிடையாது, பழைய வேலையும் கிடையாது, வேறு எந்த மருத்துவமனையிலும் கழுவுகிற வேலைகூடக் கிடைக்காது. இதெல்லாம் ஒரு மனிதர் தட்டம்மையையும் சின்னம்மையையும் ஒரே ரேக்கில் வைத்ததால்.

விசாரணையில் வாயால் சொன்னால் எடுபடாது என்று தெரிந்தது. அதனால் பம்மலுக்குப் போனேன். வசந்தாவின் கொப்புளத்திலிருந்து கொஞ்சம் செல்களைச் சுரண்டி எடுத்துச் சாயம் போட்டுப் பார்த்தால், ஹெர்ப்பிஸ் குடும்பம்தானா என்று மைக்ராஸ்கோப்பே காட்டிவிடும். தட்டம்மையில் கொப்புளமே வராது.

வாசலில் வேப்பிலை. மணி வெளியே மணை போட்டு உட்கார்ந்து, ஒரு கிழவரின் தோளில் காவியைக் குழைத்து எழுதிக்கொண்டிருந்தார். அக்கி எழுதுவது உங்களில் சில பேருக்குத் தெரியாமல் இருக்கலாம். உடம்பில் ஒரு பக்கமாக மட்டும், பட்டை அடித்தது மாதிரி எரிச்சலோடு கொப்புளம் கிளம்பும். அது அக்கி. ஜனங்கள் அதை அம்மையில் சேர்ப்பதே இல்லை. அது உடம்புச் சூடு. அதற்கு வேப்பிலை கிடையாது, விலகி இருக்கிறதும் கிடையாது. குயவர் வீட்டுக்குப் போய்க் காவியால் அதன்மேல் சிங்கமோ வேறு ஏதோ எழுதிக்கொண்டு வந்தால் இறங்கிவிடும் என்பார்கள்.

"மேடம், அங்கியே நில்லுங்க. உள்ள அம்மா வந்துகீறாங்க" என்றார் மணி.

எனக்கு ஏற்கெனவே வந்து போய்விட்டது என்று சொன்னேன். அது பரவாயில்லை என்றார். கொப்புளத்தைச் சுரண்ட வேண்டும் என்றதும் முகம் மாறிவிட்டது.

"ஊசி, பிளேடுன்னா வேணாம் மேடம். அம்மா மேல இரும்பு படக் கூடாது."

கையில் பிளேடுதான் கொண்டுபோயிருந்தேன். பையைத் துழாவினேன். ஸ்லைடு இருந்தது.

"கண்ணாடி படலாமா?"

மணி எழுதுவதை நிறுத்திவிட்டு யோசித்தார். தோளைக் காட்டிக்கொண்டிருந்த கிழவரும் சேர்ந்து யோசித்தார்.

"கண்ணாடின்றது மண்ணுதானே மேடம். சூளையில வேகறதுதானே. சரி, பார்த்து எடுங்க. நோவாம எடுங்க."

பிற்பாடு எத்தனையோ கருத்தரங்குகளில் உட்கார்ந்திருக்கிறேன். ஒரு நெறிமுறைக் கேள்விக்கு இவ்வளவு சீக்கிரம் முடிவு எடுத்த குழுவை நான் பார்க்கவில்லை. உள்ளே போய் ஸ்லைடின் விளிம்பால் சுரண்டி எடுத்தேன். வேப்பிலைமேல் படுத்திருந்த வசந்தா என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"மேடம், நான் ஒவ்வொரு பாட்டிலும் வேக வெச்சிதான் கழுவினேன். மாரியாத்தா மேல சத்தியம். வேலைய வுட்டு எட்த்துடுவாங்களா?"

"பாட்டில்லேர்ந்து வரலேன்னு எனக்குத் தெரியும். வேற எங்கேர்ந்து வந்ததுன்னு தெரியலையே. பக்கத்துல யாருக்காவது அம்மை இருந்ததா?"

"யாருக்கும் இல்ல மேடம்."

கிளம்பும்போது மணி கூப்பிட்டார். "மேடம், ஆபீஸ்ல காவி டப்பா ஒண்ணு கீதான்னு கொஞ்சம் பாருங்க. இவ எட்த்துகினு போனா, திரும்பி வர்ல."

"லேப்ல காவி டப்பா எதுக்கு?"

"அங்க யாரோ பெரிய ஆளாம். முதுகு பூரா அக்கியாம். தெனம் மத்தியானத்துல இவதான் எழுதினா."

உள்ளேயிருந்து சத்தம் வந்தது. "யோவ், வாய மூடுயா! பேரு வெளிய போனா எழுதினது பலிக்காது!"

பேர் எனக்குத் தேவைப்படவே இல்லை. சில வாரங்களுக்கு முன் பெரிய டாக்டர் நாற்காலியில் முதுகு படாமல் விறைப்பாக உட்கார்ந்திருந்தார். கேட்டதற்கு வேர்க்குரு என்றார். வெள்ளைக் கோட்டுக்குள் அடர்ந்த நிறச் சட்டை. மத்தியானம் அறைக் கதவு சாத்தியிருக்கும். வயசாகிவிட்டது, குட்டித் தூக்கம் போடுகிறார் என்று நாங்கள் சத்தம் போடாமல் நடந்தோம்.

வசந்தாவிடம் திரும்பிப் போய்ப் பேரைக் கேட்காமல் ஒன்றே ஒன்று கேட்டேன். அக்கி ஒட்டிக்கொள்ளும் என்று பயமில்லையா?

"எழுதறவங்களுக்கு ஒட்டாது மேடம். எங்க மாமியா காலத்துலேர்ந்து எழுதறோம். ஒர்த்தருக்கும் ஒட்னதில்ல."

அவர்களுக்கு ஒட்டாததற்குக் காரணம் மற்ற எல்லோருக்கும் சிறு வயதிலேயே சின்னம்மை வந்து போயிருந்ததுதான். வசந்தாவுக்கு வந்திருக்கவில்லை. அக்கி என்பதே சின்னம்மை வைரஸ்தான். முதலில் வந்தபோது போகாமல் நரம்பில் ஒளிந்துகொண்டு, வருஷங்கள் கழித்து ஒரு பட்டையாக வெளியே வருகிறது. அக்கிக் கொப்புளத்து நீர், சின்னம்மை வராத ஒருவர்மேல் பட்டால் அவருக்கு வருவது சின்னம்மை. இதை எனக்கு வகுப்பில் கற்றுக்கொடுத்தவர், மத்தியானம் கதவைச் சாத்திக்கொண்டு வசந்தாவிடம் முதுகைக் காட்டிக்கொண்டிருந்தார்.

பஸ்ஸில் எனக்குச் சிரிப்பு வந்தது. குரோம்பேட்டை வருவதற்குள் அது கோபமாகிவிட்டது. அவர் எழுதிக்கொண்டதற்காக இல்லை. அக்கி வலி சாதாரண வலி இல்லை, அந்தக் காலத்தில் அதற்கு மருந்தும் சுலபத்தில் கிடைக்காது. சின்ன வயதில் அவருடைய வீட்டில் யாருக்காவது எழுதியிருப்பார்கள், வலி பொறுக்காமல் அந்த வழியிலேயே போய்விட்டார். வசந்தா படுத்த அன்றைக்கே அவருக்கு விஷயம் விளங்கியிருக்கும். விளங்கியும் பேசாமல் இருக்கிறார் என்பதுதான் எனக்குத் தாங்கவில்லை. அவர்மேல் எனக்கு அவ்வளவு மரியாதை.

ஸ்லைடுக்குச் சாயம் போட்டேன். ஒரே செல்லுக்குள் பல கருக்கள் நெருக்கியடித்துக்கொண்டிருக்கும் ராட்சச செல்கள், பாடப் புத்தகப் படம் மாதிரி. ஹெர்ப்பிஸ் குடும்பத்தின் கைவேலை. பெரிய டாக்டரைக் கூப்பிட்டுக் காட்டினேன். குனிந்து வெகுநேரம் பார்த்தார்.

"ஹெர்ப்பிஸ் குடும்பம்" என்றார். பிறகு, "நல்ல ஸ்மியர்மா."

"வசந்தாவோடது சார்."

"ம்."

"எங்கேர்ந்து வந்திருக்கும் சார்?"

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "என்கொயரியில பேசிக்கலாம்" என்று சொல்லி அறைக்குள் போய்விட்டார். அன்றைக்குக் கதவு திறந்தே இருந்தது.

வசந்தா தலைக்கு ஊற்றிக்கொண்டு, பொருக்கெல்லாம் உதிர்ந்து வந்ததும் விசாரணை. ஏ.ஓ. அறை. ஏ.ஓ., பெரிய டாக்டர், நான். வசந்தா கதவோரம் நின்றாள். முகத்தில் தழும்பு மறையவில்லை.

ஏ.ஓ. தன் ரேக்கை அடுக்கினார். தட்டம்மை பாட்டில் வந்தது, வசந்தா கழுவினாள், வசந்தாவுக்கு அம்மை. நான் குறுக்கிட்டு, இரண்டும் வேறு வேறு குடும்பம் என்று ஸ்லைடைக் காட்டினேன். அவர் ஸ்லைடை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, ஒன்றும் தெரியாமல் கீழே வைத்தார்.

"எனக்கு இந்த லத்தீனெல்லாம் தெரியாது மேடம். சார், நீங்க சொல்லுங்க. எல்லாம் அம்மைதானே?"

பெரிய டாக்டர் தொண்டையைச் செருமினார். "பொதுவா... ஜனங்க வழக்கத்துல எல்லாத்தையும் அம்மைன்னுதான் சொல்றாங்க."

இந்த வாக்கியத்தில் ஒரு எழுத்துகூடப் பொய் இல்லை. கேட்டுக்கொண்டிருந்த எனக்குக் காது எரிந்தது. ஏ.ஓ. பேனாவைத் திறந்தார்.

இந்த இடத்தில் கொஞ்சம் நில்லுங்கள். உங்களுக்கும் ஒரு நாள் இப்படி வரும். அவர்தான் சார் என்று நான் அங்கே கத்தியிருக்கலாம். நான் கண்ணால் பார்த்தவள் இல்லை. அவர் மறுத்துவிட்டால், வசந்தா அலட்சியக்காரி என்பதோடு பொய்க்காரி என்றும் ஆகிவிடுவாள். எனக்கு வர வேண்டிய பதவி உயர்வும் அவருடைய கையெழுத்தில் இருந்தது, அதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். குற்றம் சாட்டினால் அவரால் மறுக்க முடியும். ஆனால் பாடம் கேட்டால் தப்பாகப் பதில் சொல்ல அவரால் முடியாது. அது அவருடைய ரத்தத்திலேயே கிடையாது. அதனால் பாடம் கேட்டேன்.

"சார், தட்டம்மை எந்தக் குடும்பம்?"

"பாராமிக்ஸோ" என்றார், பழக்கத்தில்.

"சின்னம்மை?"

"ஹெர்ப்பிஸ்."

"தட்டம்மை பாட்டிலை வேக வைக்காமலே ஒருத்தர் கழுவினா, அதிலேர்ந்து சின்னம்மை வருமா சார்?"

"நெவர்" என்றார். மேஜையில் தட்டினார். சரியான பதில் சொன்ன சந்தோஷம் ஒரு நொடி அவர் முகத்தில் தெரிந்து, உடனே மறைந்தது.

"அந்தச் சமயத்துல ஹெர்ப்பிஸ் குடும்பத்து சாம்பிள் ஏதாவது நம்ம லேபுக்கு வந்ததா சார்?"

அவர் என்னைப் பார்த்தார். பிறகு வசந்தாவைப் பார்த்தார். அவள் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பாட்டில்ல வரல" என்றார்.

"பின்ன எதுல சார் வந்தது?" என்றார் ஏ.ஓ.

"என் முதுகுல."

ஜி.எஸ்.டி. ரோட்டில் ஒரு லாரி ஹாரன் அடித்துக்கொண்டு போனது. பெரிய டாக்டர் எல்லாவற்றையும் சொன்னார். அக்கி வந்ததை, வலி பொறுக்காமல் வசந்தாவைக் கூப்பிட்டதை, யாரிடமும் சொல்லக் கூடாது என்று வாக்கு வாங்கியதை, அந்த அக்கியிலிருந்துதான் இவளுக்குச் சின்னம்மை வந்தது என்பதை. விசாரணை முடிந்தது என்று நினைத்தேன். ஏ.ஓ.வைப் பற்றி எனக்கு இன்னும் சரியாகத் தெரிந்திருக்கவில்லை.

அவர் புன்சிரிப்போடு தலையை ஆட்டினார். "சார், உங்க பெரிய மனசு எனக்குப் புரியுது. ஒரு ஏழைப் பொண்ணைக் காப்பாத்தணும்னு நீங்க பழியை ஏத்துக்கறீங்க. ஆனா அக்கிலேர்ந்து அம்மை எப்படி சார் வரும்? அக்கி வேற, அம்மை வேற. சின்னக் குழந்தைக்குக்கூடத் தெரியும். பரவாயில்லை, நீங்க இவ்வளவு சொல்றதனால மன்னிச்சு விட்டுடலாம். ஒரு வார்னிங்கோட முடிச்சுக்கலாம்."

நாற்பது வருஷ ஆராய்ச்சி, ஒரு உண்மையான வாக்குமூலம், எல்லாம் ஏ.ஓ.வின் ரேக்கில் பெருந்தன்மை என்கிற தட்டுக்குப் போய்விட்டது. வார்னிங் என்றால் நிரந்தரம் போச்சு என்று எனக்குத் தெரியும். வசந்தாவுக்கு இன்னும் நன்றாகத் தெரியும்.

"நான் இன்னா தப்பு பண்ணேன் சார், மன்னிக்கறதுக்கு?" என்றாள் கதவோரத்திலிருந்து.

"ஏம்மா, சார் உனக்காக இவ்வளவு பேசறார்..."

"எனக்கு மன்னிப்பு வேணாம் சார். வேலை வேணும். பாட்டில வேக வெச்சேன்னு சொல்றேன். இவரும் பாட்டில்லேர்ந்து வர்லன்றாரு. அப்பறம் இன்னாத்துக்கு வார்னிங்கு?"

பெரிய டாக்டர் எழுந்தார். கோட்டைக் கழற்றி நாற்காலியில் போட்டார். சட்டைப் பொத்தானைக் கழற்றி, பனியனைத் தூக்கி, திரும்பி நின்றார். முதுகின் இடது பக்கத்திலிருந்து விலா வரைக்கும் பட்டையாகத் தழும்பு, இன்னும் கறுப்பும் சிவப்புமாக. பார்க்கவே பாவமாக இருந்தது. அந்த நேரத்தில் அவர்மேல் எனக்கு இருந்த கோபம் எங்கே போனது என்று தெரியவில்லை.

"ரெண்டும் ஒரே வைரஸ்" என்றார், சுவரைப் பார்த்தபடி. "நான் ஆயிரம் பேருக்குப் பாடம் எடுத்திருக்கேன். உங்களுக்கும் எடுக்கறேன். இது ஆறிப்போச்சு. ஆறாதப்போ தொட்டிருந்தா, உங்களுக்குச் சின்னம்மை வந்ததில்லேன்னா, உங்களுக்கும் வரும்."

அக்கி வேறு, அம்மை வேறு என்று சின்னக் குழந்தைக்குக்கூடத் தெரியும் என்ற அதே ஏ.ஓ. நாற்காலியோடு பின்னால் போய்ச் சுவரில் இடித்துக்கொண்டார். "எனக்கு இதுவரைக்கும் வந்ததில்லையே சார்" என்றார் சின்னக் குரலில். மனிதர் கட்சி மாறிவிட்டார். நான் நீட்டிய ஸ்லைடும் குடும்பப் பெயர்களும் செய்யாததை ஒரு முதுகு செய்துவிட்டது.

அதற்குப் பிறகு இன்னொரு சிக்கல். யார்மேல் தப்பு என்று எழுத வேண்டிய இடத்தில் துறைத் தலைவர் பேரை எழுத ஏ.ஓ.வுக்குக் கை வரவில்லை. அவருடைய அனுபவத்தில் தப்பு கீழேதான் நடக்கும். பெரிய டாக்டர் பேனாவை வாங்கி, தானே ஆங்கிலத்தில் ஒரு பக்கம் எழுதினார். பிசிறில்லாமல் வந்தது. ஒளிந்திருந்த வைரஸ் எப்படித் திரும்பி வருகிறது, கற்றவனும் வலியில் எப்படித் தடுமாறுகிறான், விஞ்ஞானம் படித்த ஒருவர் மௌனமாக இருப்பது எத்தகைய பிழை, அதற்காகத் தான் எவ்வளவு வருந்துகிறேன், இனிமேல் ஆய்வகத்துக்குள் யாரும் யாருக்கும் அக்கி எழுதக் கூடாது என்று ஒரு சுற்றறிக்கை விட வேண்டும், எல்லாம் இருந்தது. சுற்றறிக்கையைப் பற்றிய வரியில் எனக்குச் சிரிப்பு வந்தாலும், மற்றதைப் படித்தபோது அவர்மேல் இருந்த பழைய மரியாதை திரும்பி வந்தது. ஏ.ஓ. கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"எனக்குப் படிச்சுக் காட்டுங்க மேடம்" என்றாள் வசந்தா.

ஒவ்வொரு வரியாகத் தமிழில் சொன்னேன். இடுப்பில் கை வைத்துக்கொண்டு கடைசி வரை கேட்டாள்.

"எல்லாம் சாரைப் பத்தியே கீது. நல்லா கீது. நான் தப்பு பண்லேன்னு எங்க கீது?"

தேடினேன். மேலிருந்து கீழே, மறுபடி கீழிருந்து மேலே. எங்கும் இல்லை. அவள் பேர் ஒரே ஒரு இடத்தில் வந்தது, அக்கி எழுதிவிட்ட பணியாளர் என்று. நானும் கவனிக்கவில்லை, அழுத ஏ.ஓ.வும் கவனிக்கவில்லை.

"அத்த எழுதச் சொல்லுங்க மேடம். அப்பத்தான் நான் போவேன்."

பெரிய டாக்டர் தாளை வாங்கிக்கொண்டு மறுபடி உட்கார்ந்தார். பனியன் இன்னும் சரியாக இறக்கப்படாமல் இருந்தது. ஒரு பக்கத்தை அவர் மூச்சு விடாமல் எழுதியிருந்தார். வசந்தா மேல் எந்தத் தப்பும் இல்லை என்கிற இந்த ஒரு வரிக்கு, பேனாவை வைத்துக்கொண்டு நெடுநேரம் உட்கார்ந்திருந்தார். வசந்தா கதவோரத்தை விட்டு மேஜைக்குப் பக்கத்தில் வந்து, அவர் எழுதி முடித்துக் கையெழுத்துப் போடுகிற வரைக்கும் நின்றாள்.